பெயர் சொல்லாத குரல்

"அவர் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க," என்றாள் மைதிலி.

"பேரா?"

"ஆமா. குணசீலன். நீங்க வீட்டுல கூப்பிடுற மாதிரி."

"வீட்டுல நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லீங்க."

"ஒரு தடவைகூடவா?"

"கல்யாணப் பத்திரிகையில படிச்சதோட சரி."

மைதிலி சிரித்துவிட்டாள். "பின்ன எப்படித்தான் கூப்பிடுவீங்க?"

"என்னங்கன்னு."

"அப்ப அதையே சொல்லுங்க. மைக் கிட்ட வாங்க."

அந்தப் பேச்சு நடந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. தாட்சாயணிக்கு இன்னும் ஒரு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டிய சின்ன அறை அது. குடும்ப நலக் கூட்டம் என்று சொல்லித்தான் ஜவான்களின் மனைவிகளை வரவழைத்திருந்தார்கள். கமாண்டிங் ஆபீசரின் மனைவியை எல்லோரும் மேடம் என்பார்கள். மேடம் சமோசாவும் டீயும் கொடுத்து, "உங்க வீட்டுக்காரங்க பத்திரமா திரும்பி வர நீங்க செய்யற சின்ன உதவி," என்றார். மேடம் கேட்டு யாரும் முடியாது என்று சொன்னதில்லை. ஒவ்வொருத்தியாகப் பஞ்சு அறைக்குள் போய் வந்தார்கள்.

மைதிலி ராணுவத்தின் கருவிப் பிரிவில் என்ஜினியர். தாட்சாயணியைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருப்பாள். கேள்வி கேட்டால் சலித்துக்கொள்ளாமல் பதில் சொன்னாள்.

"இது எதுக்குங்க?"

"சண்டை ஆரம்பிச்ச உடனே மனுஷனுக்குக் காது அடைச்சுப் போயிடும். ஆபீசர் பக்கத்துல நின்னு கத்தினாலும் உள்ள போகாது. ஆனா அம்மா குரல், பொண்டாட்டி குரல் போகும். சோதனை பண்ணிப் பார்த்துட்டோம். இந்தப் புது ஹெல்மெட் இருக்கு பாருங்க, எதிர்ல வர்றவன் கையில என்ன இருக்கு, எவ்வளவு பக்கத்துல வந்துட்டான், சட்டப்படி சுடலாமா கூடாதா எல்லாத்தையும் கணக்குப் போட்டுடும். போட்ட கணக்கை அவர் காதுல சொல்ல ஒரு குரல் வேணும்."

"சண்டை போடவா போறாங்க? சமாதானப் படைன்னு சொன்னாரே."

"அதனாலதான் இது. இவங்க ரெண்டு கூட்டத்துக்கு நடுவுல போய் நிக்கப் போறாங்க. அவசரப்பட்டுச் சுட்டாலும் தப்பு, சுட வேண்டிய நேரத்துல கை நின்னாலும் தப்பு. உங்க குரல்தான் அவரைக் காப்பாத்தப் போகுது."

என்னங்க, நில்லுங்க, சுடுங்க, போதும். இவ்வளவுதான் கேட்டார்கள். 'நில்லுங்க'வும் 'போதும்'உம் சுலபமாக வந்தன. 'சுடுங்க' வரவில்லை. ஒவ்வொரு முறையும் தோசை சுடச் சொல்வதுபோல ஒலித்தது. மைதிலி அவள் தோளில் கை வைத்தாள். "கோபமா வேணாம் தாட்சாயணி. ஒரு வெறிநாய் உங்க பொண்ணு மேல பாயுது. அவர் கையில துப்பாக்கி இருக்கு. அப்ப எப்படிச் சொல்வீங்க?"

தாட்சாயணி கண்ணை மூடி இலக்கியாவின் சின்ன முகத்தை நினைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இதான்," என்றாள் மைதிலி மெதுவாக. "இதுக்கு மேல வேண்டாம்."

"இதை அவரைத் தவிர வேற யாராச்சும் கேப்பாங்களா?"

"சேச்சே."

*

குணசீலன் உயிரோடு திரும்பி வந்தான். மைதிலி சொன்னது அந்த அளவில் பலித்தது. வீட்டுக்கு அனுப்பும்போது ராணுவ ஆஸ்பத்திரியில் தாட்சாயணியைத் தனியாகக் கூப்பிட்டு, கொஞ்ச காலத்துக்கு அந்த நாலு வார்த்தைகளையும் அவன் காதில் விழும்படி சொல்ல வேண்டாம் என்றார்கள். ஏன் என்று விளக்கவில்லை. மற்ற மூன்றுகூடப் பரவாயில்லை. 'என்னங்க' என்று சொல்லாமல் ஒருத்தி எப்படிக் குடும்பம் நடத்துவாள்? கதவைத் தட்டினாள். இருமினாள். "பாப்பா, அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடு," என்று மகளைத் தூது அனுப்பினாள். ஆறு வயது இலக்கியா, "அப்பா, உனக்கும் அம்மாவுக்கும் காயா?" என்று கேட்டாள்.

குடியாத்தம் பஜாரில் அது நடந்தபோது ஆடி மாதம் முடியப்போகிற சமயம். பாத்திரக் கடை வாசலில் இலக்கியா குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு ஆட்டோ பின்பக்கமாக வந்தது. டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை. தாட்சாயணிக்கு யோசிக்க நேரமில்லை.

"என்னங்க, பாப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். குணசீலன் குழந்தையைத் தூக்கவில்லை. ஆட்டோ தானாகவே நின்றுவிட்டது. குழந்தை எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது. குணசீலன் ஆட்டோவுக்குள் கையை விட்டு டிரைவரைச் சட்டையோடு வெளியே இழுத்தான். அந்த ஆள் தரையில் விழுவதற்குள் முழங்கால் மார்பில் இறங்கியது. தாடையைப் பிடித்துத் தலையை நடைபாதைக் கல்லில் மோதினான். இரண்டாம் முறை மோதியபோது பல் உடைந்து ரத்தத்தோடு கல்லில் சிதறியது. மூன்றாம் முறை வேறு ஒரு சத்தம் கேட்டது. பாத்திரக் கடைக்காரர் ஓடி வந்து பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தார். குணசீலன் முழங்கையைப் பின்னால் விட்டான். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு அண்டா அடுக்கில் சரிந்தார். யாரோ கட்டையால் அவன் முதுகில் அடித்தார்கள். அவனுக்கு அது தெரியவேயில்லை. இரண்டு கட்டைவிரலும் டிரைவரின் தொண்டைக்குழியில் இருந்தன. டிரைவரின் கால் தார்ச்சாலையில் உதைத்தது, பிறகு இழுத்தது, பிறகு லேசாக நடுங்கியது.

"போதும்," என்றாள் தாட்சாயணி.

அவள் கத்தவில்லை. பஞ்சு அறையில் எப்படிச் சொன்னாளோ அப்படித்தான் வந்தது. கயிறு அறுந்ததுபோல அவன் கைகள் விழுந்தன. எழுந்து நின்றான். சட்டையெல்லாம் ரத்தம். மூச்சுகூட வாங்கவில்லை. அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. எதிர்க்கடைப் பலகைக்கு மேலே எங்கோ பார்த்தபடி, அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தான்.

அந்த முகத்தைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. டிரைவர் பிழைத்துக்கொண்டார். தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். தாட்சாயணியின் அண்ணன் ஸ்டேஷனிலும் ஆட்டோ சங்கத்திலும் கும்பிட்டுப் பேசி வழக்கில்லாமல் முடித்தார். இலக்கியா இரண்டு நாள் அப்பாவின் பக்கத்தில் போகவில்லை. மூன்றாம் நாள் அவன் வேலூர் போய், அடுத்த படைப்பிரிவோடு மறுபடியும் வெளிநாடு போகத் தன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தான்.

தாட்சாயணியின் ஊர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருப்பார். அங்கே ஒரு பழக்கம் உண்டு. விடுப்பு முடிந்து புருஷன் கிளம்பும்போது மனைவி விபூதி பூசி, "போயிட்டு வாங்க," என்று மட்டும்தான் சொல்வாள். அழுகையோ கேள்வியோ கூடாது. வேறொரு சொல் நாக்கு நுனியில் நிற்கும். அதைச் சொன்னால் போன இடத்தில் அவன் கால் தடுக்கும் என்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு தடவையும் தாட்சாயணி அதை விழுங்கியிருக்கிறாள்.

இந்தத் தடவை விழுங்குவதற்கு வேறு காரணம் இருந்தது. இப்போது அதைச் சொன்னால் நடந்துவிடும். அந்தக் குரலில் ஒரே ஒரு சொல் சொன்னால் போதும், அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிற்பான். அன்று கடைப் பலகைக்கு மேலே பார்த்ததுபோல எங்கோ பார்த்தபடி நிற்பான். அப்படி நிற்கிற ஒருவனை வீட்டில் வைத்துக்கொள்வதற்கு அவள் ஆசைப்படவில்லை.

*

அவன் கிளம்புவதற்கு முந்தின வாரம் விசாரணைக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. போன தடவை படை போயிருந்த நாட்டில், கிதூமா என்ற ஊரில் நடந்த சண்டையைப் பற்றி. குரலுக்குச் சொந்தக்காரி என்ற முறையில் தாட்சாயணியும் வர வேண்டும் என்றார்கள்.

ரெஜிமென்ட் சென்டரின் நீளமான தாழ்வாரத்தில் பெஞ்சு போட்டிருந்தது. குணசீலனை முதலில் உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். பெஞ்சின் மறுகோடியில் வெள்ளைச் சுடிதாரில் ஒரு பெண் ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாட்சாயணி எழுந்தாள். வாசலில் நின்ற பியூனைப் பார்த்து, "என்னங்க, குடிக்கத் தண்ணி எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

தாழ்வாரத்தில் நடந்து போய்க்கொண்டிருந்த மூன்று ஜவான்களும் ஒரே அடியில் நின்றார்கள். ஒருவன் கையிலிருந்த வாளி விழுந்து உருண்டது. இன்னொருவனின் வலது கை, இல்லாத துப்பாக்கியின் மேல் போய் நின்றது. மூவரும் அவளைப் பார்க்கவில்லை. நேராக எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பியூன் தண்ணீர்ப் பானையைக் கை காட்டினார். சிறிது நேரம் கழித்து மூவரும் விழித்துக்கொண்டதுபோல ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வாளியை எடுத்தவன், "ஸாரி மேடம்," என்று முணுமுணுத்துவிட்டு வேகமாகப் போனான்.

பெஞ்சில் இருந்த பெண் எழுந்து வந்தாள். "எக்கா, நீங்கதானா அது?"

"எது?"

"ஹெல்மெட்டுல பேசுதது. நான் ஸ்டெல்லா. நாயக் ஜெபசிங் வீட்டுக்காரி."

ஜெபசிங்கைத் தாட்சாயணிக்குத் தெரியும். குணசீலனின் படையில் இருந்த நண்பன். ஒருமுறை வீட்டுக்கு வந்து மீன் குழம்பு கேட்டு, கருவாட்டுக் குழம்புதான் இருக்கிறது என்றதும் அதையே நாலு தட்டுச் சாப்பிட்டவன். கிதூமாவிலிருந்து அவன் சவப்பெட்டியில்தான் வந்தான்.

"என் வீட்டுக்காரர் ஹெல்மெட்ல மட்டும்தானே என் குரல்," என்றாள் தாட்சாயணி.

"இல்லக்கா. எல்லார் ஹெல்மெட்லயும் நீங்கதான். நானும் போய்ப் பேசிட்டுத்தான் வந்தேன். 'ஜெபா, நில்லு, ஜெபா, சுடு'ன்னு. நாங்க காலேஜ்ல இருந்தே பேரு சொல்லித்தான் கூப்பிடுவோம். மத்த எல்லாப் பிள்ளைகளும் பேரு சொல்லித்தான் பேசியிருக்காவ. நீங்க ஒருத்திதான் பேரு சொல்லலியாம். போன்ல அவிய சொல்லிச் சிரிப்பாவ. 'ஸ்டெல்லா, ஒன் குரலைத் தூக்கிப் போட்டுட்டானுவ, இங்க முப்பது பேருக்கும் சேத்து ஒரே பொண்டாட்டி, குணா அண்ணனுக்குத்தான் வயிறெரிச்சல்'னு."

தாட்சாயணி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அவிய கடைசியா கேட்டது உங்க குரல்தான்," என்றாள் ஸ்டெல்லா. அவள் கண்ணில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "என்ன சொன்னியன்னு தெரியணும். அதுக்குத்தான் நாகர்கோவில்ல இருந்து வந்திருக்கேன்."

கதவு திறந்தது. இருவரையும் கூப்பிட்டார்கள்.

*

அறையில் கர்னல் ஒருவர் நடுநாற்காலியில் இருந்தார். தலை நரைத்தவர், பாலக்காட்டுத் தமிழ் பேசினார். ஓரத்தில் மைதிலி. குணசீலன் சுவரோரமாக விறைப்பாக நின்றான். அவன் முன்பாக இவள் வாயைத் திறக்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்க வேண்டும். கர்னல் ஒரு பேப்பரையும் பேனாவையும் தாட்சாயணி பக்கம் தள்ளினார்.

"படம் ஓடும். ஹெல்மெட் பேசினது, ஹெல்மெட் கேமராவிலும் மார்பில் இருந்த கேமராவிலும் பதிவானது, எல்லாம் சேர்த்து. உங்க குரல்தானான்னு மட்டும் எழுதிக் கொடுத்தா மதி, அவ்வளவுதான் வேணும். பார்க்கிறதுக்கு நல்லா இருக்காது. ஸ்டெல்லா, நீ வேணுமானா வெளியே இரு மோளே."

"இருக்கேன் சார்," என்றாள் ஸ்டெல்லா.

குணசீலனின் காதில் சத்தம் புகாத மூடியை மாட்டிவிட்டுப் படத்தை ஓட்டினார்கள். திரையில் செம்மண் முற்றம். ஒரு பள்ளிக்கூடம். உள்ளே ஊரைவிட்டு ஓடி வந்த ஜனங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். இரும்புக் கதவுக்கு வெளியே ஜெபசிங் கேடயத்தோடு நிற்க, நாலைந்து பேர் அவனுக்கு இரண்டு பக்கமும், மற்றவர்கள் மதிலோரமாகவும். குணசீலன் பின்னால். அவன் கண் வழியாகத்தான் எல்லாம் தெரிந்தது.

தூரத்தில் மோட்டார் சைக்கிள்கள் வந்தன. பிறகு இரண்டு லாரிகள். இறங்கியவர்கள் கையில் நீண்ட வெட்டுக்கத்தி, சிலரிடம் துப்பாக்கி. அவர்கள் நேராக வரவில்லை. வழியில் பிடித்த பத்துப் பதினைந்து பெண்களைக் கழுத்தில் கயிறு கட்டி முன்னால் ஓட்டிக்கொண்டு வந்தார்கள்.

'என்னங்க,' என்றது ஹெல்மெட். தாட்சாயணியின் குரல்தான். 'நில்லுங்க.'

யாரும் அசையவில்லை. பெண்கள் அழுதுகொண்டே கதவை நெருங்கினார்கள். 'நில்லுங்க.' ஒருத்தி தடுக்கி விழுந்தாள். பின்னால் வந்தவன் குனிந்து, கரும்பு வெட்டுவதுபோல அவள் முதுகில் வெட்டினான். 'நில்லுங்க.' ஜெபசிங் கேடயத்தை இறக்கிவிட்டு அவளை இழுக்கக் கை நீட்டினான். அவன் துப்பாக்கி தோளில்தான் தொங்கியது. பெண்களுக்கு நடுவிலிருந்து ஒருவன் புகுந்து வந்தான். ஜெபசிங் அவனைப் பார்த்துவிட்டான். சுட நேரமும் இருந்தது. கை துப்பாக்கிக்குப் போனது.

'நில்லுங்க.'

கை நின்றது. கத்தி கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கியது. உருவி மறுபடி இறங்கியது. ஜெபசிங் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தான். ரத்தம் கம்பி வழியாக வழிந்தது. அவன் உதடு அசைந்தது. பெண்கள் சிதறி ஓட, வெட்டியவன் மட்டும் தனியாக நின்றான்.

'சுடுங்க.'

அதற்குப் பிறகு எதையும் தனித்தனியாகப் பார்க்க முடியவில்லை. முப்பது துப்பாக்கியும் ஒரே சமயத்தில் வெடித்தன. வெட்டியவனின் முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை. மோட்டார் சைக்கிள் ஒன்று எரிந்தபடி ஓடிச் சுவரில் மோதியது. லாரியிலிருந்து சுட்டார்கள். சிவப்பு மண் துள்ளித் துள்ளி எழுந்தது. 'சுடுங்க, சுடுங்க,' என்று தாட்சாயணி சொல்லிக்கொண்டே இருந்தாள், மகளைக் காப்பாற்றுகிற குரலில். கதவிடுக்கில் கை மாட்டிய ஒருவன் கையை அங்கேயே விட்டுவிட்டு ஓடினான். குணசீலன் அவனைப் பின்னாலிருந்து சுட்டான். கூட்டம் உடைந்து ஓட ஆரம்பித்தது.

டணார் என்று ஒரு சத்தம். படம் குலுங்கியது. திரை சற்றே கீழே இறங்கி, மார்பில் இருந்த கேமராவின் படமாக மாறியது.

"ஹெல்மெட்ல குண்டு பட்டது இங்கதான்," என்றாள் மைதிலி. "இதுக்கப்புறம் ஸ்பீக்கர் வேலை செய்யல. கருவி பேசும்போது எரியற பச்சை விளக்கும் அணைஞ்சிருச்சு."

குணசீலன் பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினான். அங்கே ஒரு கிணறு. கிணற்றடியில் மூன்று பேர் மண்டி போட்டு, கையைத் தலைமேல் வைத்துக்கொண்டிருந்தார்கள். கத்திகள் கொஞ்சம் தள்ளிக் கிடந்தன. நடுவில் இருந்தவன் ஏதோ ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். எந்தப் பாஷையாக இருந்தால் என்ன, அது கெஞ்சல் என்று யாருக்கும் புரியும்.

குணசீலன் நின்றான். துப்பாக்கி மெல்லத் தாழ்ந்தது. எந்தக் குரலும் இல்லை. தூரத்தில் ஒரு குழந்தை அழுதது. காற்று மைக்கில் உரசியது.

"சரி தாட்சா," என்றான் குணசீலன் திரையில், அடக்கமாக, சாமான் வாங்கிவரச் சொன்னதற்குத் தலையாட்டுவதுபோல.

துப்பாக்கி உயர்ந்தது. நடுவில் இருந்தவன் பின்பக்கமாக மடிந்தான். இடதுபக்கத்தவன் எழ முயன்று கிணற்றுச் சுவரில் சாய்ந்தான். மூன்றாமவன் தொடையில் சுடப்பட்டுத் தவழ்ந்தான். மண்ணில் அவன் போன தடம் ஈரமாக இருந்தது.

"சரி," என்றான் குணசீலன் மறுபடியும்.

மைதிலி படத்தை நிறுத்தினாள். குணசீலன் காதுமூடியைக் கழற்றினான்.

தாட்சாயணி பேனாவை எடுக்கவேயில்லை. அவள் வாய்விட்டே கேட்டாள். சுவரோரமாக நின்றவனின் தோள் இறுகியது. "கடைசியில நான் என்ன சொன்னேன்?"

"நீங்க எதுவும் சொல்லல," என்றாள் மைதிலி. "கருவி எதுவும் சொல்லல. பதிவை நாங்க அலசிப் பார்த்துட்டோம். விளக்கு அணைஞ்சதுல இருந்து ஒரு சத்தமும் இல்லை."

"அவர் பதில் சொல்றாரே."

"அவருக்குக் கேட்டிருக்கு. அது எங்க கணக்குல வராது."

"அவரைத் தவிர வேற யாரும் கேக்க மாட்டாங்கன்னு சொன்னீங்க."

மைதிலி மேசையைப் பார்த்தாள். "ஆளுக்கொரு குரல் வச்சுத்தான் பயிற்சியை ஆரம்பிச்சோம். ஆனா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு நொடியில சுட்டாங்க. படை ஒண்ணா அசையணும். அதுக்கு ஒரே குரல் வேணும். பேர் இல்லாம இருந்தது உங்களுது மட்டும்தான்." தணிந்த குரலில் சேர்த்தாள். "ஹெல்மெட் உடைஞ்சாலும் பயிற்சி உடையக் கூடாதுங்கறதுதான் எங்க நோக்கமா இருந்துச்சு. இவ்வளவு ஆழமா இறங்கும்னு நான் நினைக்கல."

கர்னல் விசாரணையின் முடிவைச் சொன்னார். கருவியில் குறை இல்லை. கிணற்றடியில் ஆயுதங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் ஹவில்தார் குணசீலன் மீதும் குறை இல்லை. இருநூறு பேருக்கு மேல் அந்தப் பள்ளிக்கூடத்தில் உயிர் பிழைத்திருக்கிறார்கள். அடுத்த பிரிவில் இதே கருவி போகும். குணசீலன் விருப்பப்படி அவனும் போகலாம். புது ஆட்களுக்கு அவன் அனுபவம் பயன்படும். எல்லாவற்றையும் அவர் கனிவாகத்தான் சொன்னார்.

ஸ்டெல்லா எழுந்து தாட்சாயணியின் அருகே வந்தாள். "நில்லுங்கன்னுதான் சொல்லியிருக்கிய," என்றாள்.

"ஆமா."

"கை துப்பாக்கிக்குப் போச்சுக்கா. நான் பாத்தேன். அவிய பயந்து நிக்கல." அவள் ஜெபமாலையை ஒருமுறை இறுக்கிப் பிடித்தாள். "அது போதும் எனக்கு. உங்க மேல ஒண்ணும் இல்ல." வெளியே போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

*

கேன்டீனுக்குப் பின்னால் தூங்குமூஞ்சி மரத்தடியில் சிமெண்ட் பெஞ்சு ஒன்று இருந்தது. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. இரண்டு பேரும் நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். மைதானத்தில் புது ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அவன்தான் ஆரம்பித்தான். "நீ பார்த்திருக்க வேணாம்."

"அவங்க மண்டி போட்டிருந்தாங்க."

"ஆமா."

"பார்த்துட்டுத்தான்..."

"பார்த்தேன் தாட்சா. நடுவுல இருந்தவனுக்கு நடுக்கத்துல பல்லு தந்தியடிச்சது. அதுகூட ஞாபகம் இருக்குது. துப்பாக்கியை இறக்கிட்டேன். அப்ப நீ சொன்ன."

"நான் சொல்லல."

"தெரியும். சந்தேகம் இருந்துச்சு. இன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு." உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். "மெஷின் சொல்லியிருந்தா மெஷினைத் திட்டலாம். நீ சொல்லியிருந்தா உன்னைத் திட்டலாம். ரெண்டும் இல்லன்னா இன்னா பண்றது?"

அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவன் கழுத்து நரம்பு புடைப்பதைக் கவனித்தாள்.

"அப்புறம் ஏன் மறுபடியும் போறீங்க?"

"அங்க ஹெல்மெட்ல பச்சை விளக்கு இருக்குது. எரிஞ்சா அது பேசுது, எரியலன்னா என் மண்டை பேசுது. பார்த்துத் தெரிஞ்சிக்கலாம். நம்ம வீட்டுல விளக்கு கிடையாது தாட்சா. நீ சமையல்கட்டுல பேசுறியா, எனக்குள்ள பேசுறியான்னு தெரியல. நேத்து நீ கோயிலுக்குப் போயிருந்த. வீட்டுல நானும் பாப்பாவும் மட்டும். பாப்பா பின்னாடி இருந்து ஓடி வந்து முதுகுல ஏறினா. அப்ப உன் குரல் கேட்டுச்சு. கையைக் கதவு நிலையில வச்சு நசுக்கிக்கிட்டேன். இந்த நகம் கறுத்திருக்கு பாரு. கூட ரெண்டு நொடி ஆயிருந்தா இன்னா ஆயிருக்கும்? அதனாலதான் போறேன். உன்னை விட்டு ஓடலை. உங்க ரெண்டு பேரையும் என்கிட்ட இருந்து தூரமா வைக்கிறேன்."

கறுத்த நகத்தை அவள் பார்த்தாள். அவன் சொல்வதில் நியாயம் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. பாப்பாவை அண்ணன் வீட்டில் விடலாம். பெரிய ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் காட்ட வேண்டியிருக்கும். கத்தி, அரிவாள்மனை எல்லாம் பூட்டி வைக்க வேண்டும். அப்படியும் ஒரு நாள் தவறலாம். அவன் அங்கே போனாலோ, இன்னொரு கிணற்றடியில் இன்னும் மூன்று பேர் மண்டி போட்டிருப்பார்கள். விளக்கு அணைந்திருக்கும். அவன் "சரி தாட்சா" என்பான்.

"அந்த மூணு பேரைப் பத்தி அந்த ரூம்ல யாரும் கேக்கல," என்றாள். "குறை இல்லைன்னு முடிச்சுட்டாங்க. நாம அப்படி முடிக்கக் கூடாதுங்க. நான் கேப்பேன். நீங்க சொல்லணும். எத்தனை வருஷம் ஆனாலும்."

அவன் தலையை மட்டும் அசைத்தான்.

அவள் பெஞ்சில் நகர்ந்து, நடுவில் இருந்த இடத்தை இல்லாமல் ஆக்கினாள். அவன் உடம்பு இரும்பாக இறுகியது. எதிரே மைதானத்துக்கு மேலே பார்வை போனது. அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். அது திரும்பி வரும்வரை பொறுத்தாள். வர நேரமாயிற்று. அவன் இமை கொட்டி, கடைசியில் அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் பேசினாள்.

"நான் ஒண்ணு கேக்கப்போறேன். கேட்ட உடனே எதுவும் செய்யாதீங்க. எழுந்து நிக்காதீங்க, சரின்னு சொல்லாதீங்க. வீட்டுக்குப் போய் யோசிங்க. முடியாதுன்னு தோணினா முடியாதுன்னு சொல்லுங்க. நான் அழுவேன், அது என் பாடு. ஆனா மறுநாள் காலையில அங்கேயேதான் இருப்பேன், இட்லி ஊத்திக்கிட்டு. முடியாதுன்னு உங்களால சொல்ல வரணும். அது வந்தாத்தான் நான் கேக்கறதுக்கு அர்த்தம். புரியுதா?"

"புரியுது," என்றான். பிறகு சின்னக் குழப்பத்தோடு, "நீ என்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்லையே," என்றான்.

"இல்ல. கேட்டதில்ல."

மைதானத்தில் விசில் ஊதி ஓட்டத்தை நிறுத்தினார்கள். அவள் வாயைத் திறந்தாள். உதடு கோணிக்கொண்டது. வந்த குரல் பாதி மூச்சாகவும் பாதி விக்கலாகவும் இருந்தது. யாரையும் எங்கேயும் நிறுத்தும் வலு அதற்கு இல்லை.

"போகாதீங்க," என்றாள்.